நினைவிழந்தோரும் நம் திரைப்படங்களும்

திரைப்படம் பொழுதுபோக்குக்காக எடுக்கப்படுவது. அதில் போய் அறிவியலைத் தேடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பேயும் பிசாசும் வரும் படத்தில் தேட வேண்டியதில்லைதான். ஆனால் ஒரு நோயாளியையும் அவரைப் பேணுபவரையும் நடுநாயகமாக வைத்து எடுக்கப்பட்ட படத்தில், அந்த நோயும் அந்தப் பேணுதலும் எந்த அளவுக்கு உண்மையாகக் காட்டப்பட்டுள்ளன என்று பார்ப்பது தவறாகாது. நம் மக்களில் பெரும்பாலோர் மூளைக் காயத்தைப் பற்றி அறிந்துகொண்டது பாடநூலிலிருந்து அன்று, வெள்ளித்திரையிலிருந்துதான்.

இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமன் ஒட்டன்சத்திரம் சந்தையில் காய்கறி மூட்டைகளை இறக்கிவிட்டு, மொபெட்டில் கன்னிவாடிக்குத் திரும்பும்போது வழியில் நாய் குறுக்கிட்டு விழுந்தார். தலைக்கவசம் இல்லை. மருத்துவமனையில் கண் விழித்தவர் பேசினார், சாப்பிட்டார், கைகால்களை அசைத்தார். ஆனால் ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, "நான் ஏன் இங்க இருக்கேன்? மூட்டைய இறக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முந்தைய மாதம் நடந்த மகளின் நிச்சயதார்த்தம் அவருக்கு நினைவில் இல்லை. அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பார்க்க வந்த உறவினர்களோ ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மலையடிவாரத்து வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோனால் ஒரே நாளில் நினைவு திரும்பிவிடும் என்றார் ஒருவர். பட்ட இடத்திலேயே மறுபடி ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார். இந்த இரண்டு வைத்தியமும் எங்கிருந்து வந்தவை என்பதை வாசகர்கள் ஊகித்திருப்பார்கள்.

அன்று தொடங்கிய சிந்தனையின் விளைவே இக்கட்டுரை. நினைவிழப்பைக் கதைக்கருவாகக் கொண்ட மூன்று தமிழ்ப் படங்களை எடுத்துக்கொண்டு, அவை நோயை எப்படிக் காட்டுகின்றன, நோயாளியைப் பேணுதலை எப்படிக் காட்டுகின்றன என்று பார்ப்போம். முதலாவது, பாலு மகேந்திரா இயக்கி 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'. இரண்டாவது, ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் 2005இல் வந்த 'கஜினி'. மூன்றாவது, பாலாஜி தரணீதரன் இயக்கி 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'.

மூன்றாம் பிறை: கதையும் மருத்துவமும்

கதை யாவரும் அறிந்ததே. கார் விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண் ஒருத்தி தன் பெயர், பெற்றோர், வயது எல்லாவற்றையும் மறந்து சிறு குழந்தையைப்போல் ஆகிவிடுகிறாள். தீயவர் கையில் சிக்கிய அவளைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீட்டு, நீலகிரியில் தாம் வாழும் ஊருக்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டாத குறையாகப் பேணி வளர்க்கிறார். இறுதியில் நாட்டு வைத்தியர் ஒருவரின் சிகிச்சையால் ஒரே நாளில் அவளுக்குப் பழைய நினைவு திரும்புகிறது. இடைக்காலத்து நினைவு முழுவதும் அழிகிறது. ரயிலில் ஏறிச் செல்லும் அவளுக்குத் தன்னை நினைவூட்ட ஆசிரியர் குரங்குபோல் ஆடிக்காட்டுகிறார். அவளோ யாரோ பித்தன் என்று எண்ணுகிறாள். ரயில் போய்விடுகிறது. சிறந்த நடிகருக்கும் சிறந்த ஒளிப்பதிவுக்கும் தேசிய விருது பெற்ற இப்படம், கலை என்ற வகையில் நம் மொழியின் பெருமைக்குரிய ஆக்கங்களுள் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் மருத்துவம்? 'அம்னீசியா' எனப்படும் மறதி நோயை இரு வகையாகப் பிரிப்பர். அடிபடுவதற்கு முன் நடந்தவற்றை மறப்பது பின்னோக்கிய மறதி. அடிபட்ட பின் நடப்பவற்றை மனத்தில் பதிய வைக்க இயலாமல் போவது முன்னோக்கிய மறதி. பிரெஞ்சு உளவியலறிஞர் ரிபோ 1881இலேயே ஒரு விதியைக் கூறினார்: பின்னோக்கிய மறதியில் அண்மைய நினைவுகளே முதலில் அழியும், பழைய நினைவுகள் நிலைத்து நிற்கும். சுவரில் கடைசியாகப் பூசிய சாந்து முதலில் உதிர்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். என் மாமா மகளின் நிச்சயதார்த்தத்தை மறந்தார். தம் சொந்தத் திருமணத்தை மறக்கவில்லை. தம் பெயரையோ, தாம் யார் என்பதையோ மறக்கவே இல்லை. மூளைக் காயத்தால் தன் பெயரையும் அடையாளத்தையும் அடியோடு மறந்து, மற்ற எல்லாவற்றிலும் நலமாக இருப்பது மிக அரிது.

வளர்ந்த பெண் ஆறு வயதுக் குழந்தையாகத் திரும்பிப் போவதும் அத்தகையதே. மூளை என்பது பின்னோக்கிச் சுற்றினால் பழைய காட்சி வரும் ஒலிநாடா அன்று. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூளையின் முன்மடல் பாதிக்கப்பட்டவர்களிடம் அடக்கமின்மை, பிடிவாதம், காரணமற்ற சிரிப்பு, திடீர்க் கோபம் ஆகியன தோன்றுவதுண்டு. வீட்டார் அதைக் கண்டு "குழந்தை மாதிரி ஆயிட்டாரு" என்று சொல்வது வழக்கம். படத்தின் கற்பனைக்கு வேர் இங்கே இருக்கக்கூடும். ஆனால் அது குழந்தைப் பருவம் திரும்பியதன் அடையாளம் அன்று. கடிவாளம் அறுந்ததன் அடையாளம்.

தலைக்குள் நடப்பது என்ன?

இங்கே சிறிது இயற்பியல் பேச அனுமதி வேண்டுகிறேன். நின்ற நிலையிலிருந்து ஒருவர் சாய்ந்து, தலை 1.7 மீட்டர் உயரத்திலிருந்து தடையின்றித் தரையில் மோதுவதாகக் கொள்வோம். மோதும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதே கேள்வி. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், வேகத் தணிவு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது கிடைத்துவிடும். வெறுந்தலை தார்ச்சாலையில் 5 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் 340 மடங்கு. தலைக்கவசத்தின் உட்பஞ்சு நசுங்கி 25 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் 68 மடங்கு. தலைக்கவசம் செய்வது இந்த ஒரு வகுத்தல் கணக்கைத்தான்.

ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை, திரவத்தில் மிதந்தபடி மண்டையோட்டுக்குள் இருக்கிறது. மண்டையோடு நின்றாலும் மூளை உடனே நிற்பதில்லை. முன்னே நகர்ந்து, மண்டையின் உட்புறத்திலுள்ள கரடுமுரடான எலும்பு விளிம்புகளில் மோதிக் கன்றுகிறது. அங்கே அடிபடும் பகுதிகள் பெரும்பாலும் முன்மடலும் பக்கமடலின் முனையும் ஆகும். முன்மடல் நடத்தைக்குரியது. பக்கமடலின் உட்புறத்தில் கடற்குதிரை வடிவில் அமைந்த 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதி புதிய நினைவுகளைப் பதிய வைப்பதற்குரியது. தலைக்காயத்துக்குப் பின் குணமும் நினைவும் சேர்ந்தே மாறுவதன் காரணம் இதுதான்.

ஹிப்போகாம்பஸின் பணியை உலகுக்கு உணர்த்தியவர் ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கர். கடும் வலிப்பு நோயை நிறுத்துவதற்காக 1953இல், அவருடைய 27ஆம் வயதில், அறுவை மருத்துவர் ஸ்கோவில் அவரது மூளையின் இருபுறமும் அப்பகுதியை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் 2008இல் இறக்கும்வரை, நாள்தோறும் சந்தித்த ஆய்வாளர்களைக்கூட அவர் புதியவர்களாகவே வரவேற்றார். அறிவுக்கூர்மை குறையவில்லை, பழைய நினைவுகள் பல இருந்தன, புதியன பதியவில்லை.

முகுளம் செய்த குற்றம் என்ன?

'கஜினி'யின் நாயகன் மொலைசனின் நிலைக்கு நெருங்கியவன். 15 நிமிடத்துக்கு மேல் எதுவும் நினைவில் நிற்பதில்லை. அவன் புகைப்படங்களிலும் குறிப்புகளிலும் தன் உடலில் குத்திய பச்சையிலும் நினைவைச் சேமித்து வைக்கிறான். பச்சை குத்துவதை விட்டுவிட்டால், இது மறுவாழ்வு மருத்துவத்தில் உண்மையாகவே கையாளப்படும் முறை. நாட்குறிப்பு, சுவர்ப்பலகை, படங்கள் ஒட்டிய அட்டை, கைக்கடிகார மணி ஆகியவற்றை மூளைக்கு வெளியே உள்ள நினைவாகப் பயன்படுத்தப் பழக்குவர். ஆனால் படத்தில் அவனைப் பேணுவார் யாரும் அருகில் இல்லை. அத்தகைய நோயாளி ஒருவர் தனியே வாழ்ந்து, வண்டி ஓட்டி, வரிசையாகப் பழிவாங்குவது நடவாத காரியம். அடுப்பை அணைத்தோமா என்பதே நினைவில் நில்லாதவருக்குத் துணையாள் தேவைப்படுவது நாள் முழுதும்.

மூன்றாவது படம் ஓர் உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. படத்தின் ஒளிப்பதிவாளர் சி. பிரேம்குமாருக்கே நேர்ந்தது அது. திருமணத்துக்கு முன் கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்ட இளைஞன், அண்மைக் காலம் முழுவதையும் மறந்துவிடுகிறான், மணப்பெண்ணையும் மறந்துவிடுகிறான். அதே கேள்வியை, அதே தொனியில், அதே சைகையோடு திரும்பத் திரும்பக் கேட்கிறான். திரையரங்கில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமாவின் கட்டிலருகே அமர்ந்தபின்தான் அந்த நடிப்பு எவ்வளவு நுட்பமான உண்மை என்பது விளங்கியது. ரிபோவின் விதி அதில் அப்படியே இருக்கிறது. பழைய நண்பர்களைத் தெரிகிறது; புதிதாக வாழ்வில் வந்தவளைத் தெரியவில்லை.

ஒரு பிழையை மட்டும் சுட்ட வேண்டும. படத்தில் 'மெடுல்லா ஆப்ளங்கேட்டா'வின் பெயர் மீண்டும் மீண்டும் அடிபடுகிறது. தமிழில் முகுளம் எனப்படும் அப்பகுதி, மூளையும் தண்டுவடமும் சேரும் இடத்தில் உள்ளது. மூச்சையும் இதயத் துடிப்பையும் நெறிப்படுத்துவது அதன் வேலை. நினைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. முகுளத்தில் பலமாக அடிபட்டிருந்தால் அந்த இளைஞன் கேள்வி கேட்கவே உயிரோடு இருந்திருக்க மாட்டான். என் மாணவர்கள் பலர் இந்தப் பெயரை இப்படத்தின் வாயிலாகவே அறிந்திருக்கிறார்கள். தவறான பணியோடு சேர்த்து அறிந்திருக்கிறார்கள்.

பேணுதலில் இன்னொரு குறை உண்டு. நண்பர்கள் செய்தியை வீட்டாரிடமிருந்தும் மணப்பெண்ணிடமிருந்தும் மறைத்து, விளக்கும் கூட்டமும் பேரிரைச்சலும் நிறைந்த திருமண மேடைக்கு அவனை அழைத்துச் செல்கிறார்கள். தலைக்காயம் பட்டவருக்கு முதல் நாட்களில் வேண்டுவன ஓய்வு, அமைதி, கண்காணிப்பு. படம் நகைச்சுவைக்காக எதிர்மாறானதைச் செய்கிறது. எனினும் நண்பர்களின் பொறுமை போற்றத்தக்கது. சலித்துக்கொண்டாலும் பதில் சொல்கிறார்கள், கையை விட்டுவிடுவதில்லை.

படங்களில் இல்லாத பாத்திரம்

இம்மூன்று படங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு பாத்திரம் காணாமற் போயிருப்பது தெரியும். செவிலியர்தான் அது. நம் திரையில் நர்ஸ் என்பவர் வெள்ளுடையில் வந்து ஊசி போடுவார், அல்லது டாக்டர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவார். நரம்பியல் நோயாளியின் உயிர் பெரும்பாலும் யார் கண்ணில் இருக்கிறது என்பதை நாம் திரையில் கண்டதில்லை.

1974இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னட் என்னும் இரு மருத்துவர்கள் உணர்வு நிலையை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண் திறத்தலுக்கு 1 முதல் 4 வரை, பேச்சுக்கு 1 முதல் 5 வரை, உடல் அசைவுக்கு 1 முதல் 6 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 15 என்றால் முழு விழிப்பு. 8 அல்லது அதற்குக் கீழ் என்றால் கடும் நிலை. 3க்குக் கீழே எண் இல்லை. ஓர் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இதை நான் வியக்கிறேன். முள் இல்லை, திரை இல்லை, மின்சாரம் இல்லை. செவிலியரின் கண்ணும் காதும் கையுமே இதன் கருவி. ஒரு தடவை எடுத்த அளவு பெரிதன்று. மணிக்கு மணி எடுத்த அளவுகளின் போக்குதான் செய்தி. நள்ளிரவில் 14 என்று குறித்தது இரண்டு மணிக்கு 12 ஆனால், மண்டைக்குள் இரத்தம் கசிகிறதோ என்று டாக்டரை எழுப்ப வேண்டும். கண்மணிகளில் ஒன்று விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மண்டையோடு மூடிய பெட்டி. அதற்குள் மூளை, இரத்தம், தண்டுவடத் திரவம் மூன்றும் இருக்கின்றன. ஒன்று பெருத்தால் மற்றவை இடம்விட வேண்டும். விட இடம் இல்லாதபோது அழுத்தம் ஏறும். கட்டிலின் தலைப்பகுதியை ஏறத்தாழ 30 பாகை உயர்த்தி, கழுத்தை மடங்காமல் நேராக வைப்பது இதனால்தான். தலையிலிருந்து சிரைகள் வழியே இரத்தம் எளிதில் இறங்குகிறது. பார்ப்பவருக்கு வெறும் தலையணை வேலையாகத் தெரிவது உண்மையில் நீரழுத்த இயல்.

அசைவற்றுக் கிடப்பவரை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும் அப்படியே. நுண்குழாய்களில் இரத்த அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசம்தான். இடுப்பெலும்பும் குதிகாலும் மெத்தையில் அழுந்தும் இடத்தில் அதைவிட மிகுந்த அழுத்தம் ஏற்படுவதால் இரத்த ஓட்டம் நின்று தோல் அழுகத் தொடங்குகிறது. விசை மாறாது, பரப்பை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம். நல்ல செவிலியர் இரண்டையும் மாற்றுகிறார். விழுங்கும் ஆற்றல் திரும்பியதா என்று பார்க்காமல் வாயில் கஞ்சி ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். பாசத்தோடு ஊட்டப்படும் அந்த ஒரு கரண்டி ஆபத்தானது.

'மூன்றாம் பிறை' வெளிவந்த 1982இல் இவையெல்லாம் தமிழ்நாட்டுக்குப் புதியன அல்ல. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இலேயே செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிவிட்டார். 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பு வந்தது. 1949இல் ஜேக்கப் சாண்டி அங்கே நரம்பியல் துறையைத் தொடங்கினார். 1950இல் பி. ராமமூர்த்தி சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். கதையின் பெண்ணுக்கு அவளுடைய பெற்றோர் இருந்தும், வசதி இருந்தும், கதாசிரியர் அவளை ஒரே நாள் பச்சிலைச் சிகிச்சைக்கு அனுப்புகிறார். நாட்டு மருத்துவத்தை நான் இகழவில்லை. கன்றிய மூளை ஒரே நாளில் முழுமையாகத் திரும்பும் என்ற நம்பிக்கையைத்தான் மறுக்கிறேன். எந்த மருத்துவ முறையிலும் அப்படி நடப்பதில்லை.

நூறாவது பதில்

நம் படங்களில் நினைவு என்பது பூட்டும் சாவியும் போன்றது. ஓர் அடி பூட்டும். இன்னோர் அடியோ, பச்சிலையோ, பழைய பாட்டோ திறக்கும். இக்கருத்து எவ்வளவு தீங்கானது என்று மாமாவின் வீட்டில் கண்டேன். எல்லாரும் அந்த ஒரு கணத்துக்காகக் காத்திருந்தார்கள். பேரப்பிள்ளையைக் காட்டினார்கள், நிச்சயதார்த்தப் படத்தை முகத்துக்கு நேரே நீட்டி, "இது யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று தேர்வு நடத்தினார்கள். தெரியாமல் விழித்தவர் எரிந்து விழுந்தார். "பெத்த மக காரியத்தையே மறந்துட்டாரே" என்று அத்தை மனம் உடைந்தார். இரண்டாம் அடி என்னும் யோசனையோ கொடியது. ஆறாத மூளையில் படும் மறு அடி முதல் அடியைவிட ஆபத்தானது.

அப்போது அந்த வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். கட்டிலுக்கு எதிரே தெரியும்படி ஒரு சிலேட்டை வைத்து, அன்றைய கிழமை, தேதி, ஊர், "வண்டியிலிருந்து விழுந்தீர்கள், நலமாக இருக்கிறீர்கள், மூட்டை இறக்கியாயிற்று" என்று எழுதினார். நாள்தோறும் தேதியை மாற்றினார். அத்தையிடம் அவர் சொன்னது இது: "அம்மா, நீங்க நூறு தடவை கேட்டுட்டீங்க. அவருக்கு ஒவ்வொண்ணும் முதல் தடவைதான். முதல் தடவை எப்படிப் பதில் சொன்னீங்களோ அப்படியே நூறாவது தடவையும் சொல்லுங்க." பார்க்க வருவோரை ஒவ்வொருவராக விடச் சொன்னார். தேர்வு நடத்துவதை நிறுத்தச் சொன்னார். கேள்விகள் நாளடைவில் குறைந்தன. சிலேட்டை அவரே பார்த்துப் படிக்கத் தொடங்கினார். இரண்டு வாரத்தில் புதியன மனத்தில் நிற்கலாயின. அடிபட்டதற்கு முந்தைய சில வாரங்கள் சிறிது சிறிதாகத் திரும்பின. அந்த இரண்டு வாரம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை, திரும்பப்போவதும் இல்லை. திறந்த சாவி ஒன்றும் இல்லை.

அடிபட்டபின் நினைவு தொடர்ச்சியாகப் பதியத் தொடங்கும்வரை உள்ள இந்தக் காலத்தின் நீளமே காயத்தின் கடுமைக்கு ஓர் அளவு என மருத்துவர் கொள்வர். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் லேசானது. ஒரு நாளைத் தாண்டினால் கடுமையானது. கடுமையானவற்றில் மறதி நீங்கியபின்னும் களைப்பு, தலைவலி, சினம், கவனக்குறைவு மாதக்கணக்கில் இருக்கும். மாமாவுக்கு இன்றும் கூட்டத்தில் இருந்தால் எரிச்சல் வரும். வீடு திரும்பியதும் வேலை முடிந்ததாகப் படங்கள் காட்டுகின்றன. வீட்டாருக்கு வேலை தொடங்குவதே அங்கேதான்.

இறுதிக் காட்சி

இவ்வளவு குறை சொன்னபின், 'மூன்றாம் பிறை'யின் ரயில் நிலையக் காட்சிக்கு வருகிறேன். வியப்பு என்னவெனில், பொய்யான மருத்துவத்தின் மேல் கட்டிய அப்படத்தில் அந்தக் காட்சியே உண்மைக்கு மிக நெருங்கியது. மேலே சொன்ன இடைக்காலத்தில் நோயாளி பேசுவார், சிரிப்பார், பேணுபவரின் கையைப் பிடித்துக்கொள்வார். தெளிந்தபின் அவற்றில் எதுவும் அவர் நினைவில் இராது. இரவு பகலாக விழித்திருந்தவர் அவருக்கு அந்நியர். தலைக்காயப் பிரிவில் பணிபுரியும் செவிலியர் இதை அடிக்கடி காண்கிறார்கள். படத்தில் அந்தக் காலம் மிக நீண்டதாக இருப்பதும், அக்காலத்தில் அவள் ஆசிரியரையும் நாய்க்குட்டியையும் நாள்தோறும் அடையாளம் கண்டுகொள்வதும் பொருந்தவில்லை. நினைவு பதியாமல் அடையாளம் காண இயலாது. பதிந்தது ஒரே நாளில் மொத்தமாக அழிவதும் இயல்பன்று. ஆனாலும் பேணுதலுக்குக் கைம்மாறு நோயாளியின் நினைவில் இல்லை என்ற கசப்பான உண்மையை வேறெந்தத் தமிழ்ப் படமும் இவ்வளவு துணிவோடு சொன்னதில்லை.

படம் அதைப் பெருந்துன்பமாக முடிக்கிறது. பட்ட பாடெல்லாம் வீண் என்ற உணர்வோடு நாம் வெளியே வருகிறோம். இங்கேதான் அறிவியல் படத்தோடு மாறுபடுகிறது. சுவிட்சர்லாந்தின் கிளாபரேட் என்னும் மருத்துவர் 1911இல் ஒரு செய்தியைப் பதிவு செய்தார். புதியதை நினைவில் வைக்க இயலாத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது, உள்ளங்கையில் ஊசியை மறைத்து வைத்துக் குத்தினார். பின்னர் அவர் கை நீட்டியபோது, முன் நடந்தது நினைவில் இல்லாத அப்பெண் தன் கையை இழுத்துக்கொண்டாள். துன்பம் தடம் பதித்தது. இன்பமும் பதிக்குமா? அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸ் பழுதான நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டினார்கள். சிறிது நேரத்தில் படத்தை மறந்தார்கள். அதனால் எழுந்த உணர்வு மட்டும் தொடர்ந்து நின்றது. யார் சொன்னார் என்பது மறந்தாலும், கடுஞ்சொல்லின் காயமும் இன்சொல்லின் ஆறுதலும் நிற்கின்றன.

பேணுபவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது இதுதான். நூறாவது பதிலும் வீண் போவதில்லை. தன்னை மறந்துவிட்டாரே என்று ரயில் நிலையத்தில் குட்டிக்கரணம் போட வேண்டியதும் இல்லை.

படத்தின் ஆசிரியர் ஒரு தவறு செய்தார் என்றால், தனியொருவராக அந்தச் சுமையைத் தாங்கியதே அது. பகலில் அவர் பள்ளிக்குச் சென்றபோது அவளைப் பார்த்துக்கொண்டது அக்கம்பக்கத்தார்தான். ஊரில் ஒருவன் அவளிடம் தீங்கு செய்ய முற்படும் காட்சியும் உண்டு. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பெண்ணுக்கு நேரும் உண்மையான ஆபத்து அது. அதைக் காட்டியதற்காக இயக்குநரைப் பாராட்ட வேண்டும். பேணுதல் ஒருவரின் காதலால் மட்டும் நடக்கும் காரியம் அன்று. முறை வைத்து மாறும் ஆட்கள் வேண்டும். வழிகாட்டப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பேணுபவருக்கும் உறக்கம் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், படுக்கையில் இருப்போரின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரையும் செவிலியரையும் அனுப்பும் நோக்கம் கொண்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்க வழி செய்தது. இவற்றைக் கதையில் வைத்தால் படம் ஓடாது என்று சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு 14, 12 ஆவதைக் கண்டுபிடித்து டாக்டரை எழுப்ப ஓடும் செவிலியைவிட விறுவிறுப்பான காட்சி எந்தப் படத்தில் இருக்கிறது?

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசினாலும், தலைவலி மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒருபுறம் கைகால் தளர்தல், வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதையும் எந்தப் படமும் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்காக மாமாவை அதே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். தாழ்வாரத்தில் அந்தச் செவிலியர் எதிரே வந்து, "எப்படி இருக்கீங்க ஐயா, மூட்டைய இறக்கியாச்சா?" என்று கேட்டார். மாமா என் பக்கம் திரும்பி, "யாருப்பா இவங்க?" என்றார். செவிலியர் சிரித்துக்கொண்டே தம் வேலைக்குப் போனார். அவர் குரலைக் கேட்டபோது மாமாவின் முகம் சற்று இளகியதுபோல் எனக்குத் தோன்றியது. அது என் ஆசையாகவும் இருக்கலாம். ஒருமுறை கண்டதை வைத்து முடிவு கட்டுவது இயற்பியல் ஆசிரியனுக்கு அழகன்று.